மருமகள் உடம்பை முதலில் பார், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன். ஸ்கேனில் குழந்தை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். 28 வாரத்துக்கு இது போதுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். ஆனால் அம்மிணிக்கு ரத்தம் எவ்வளவு, பிபி எவ்வளவு, சுகர் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை வரவில்லை. கொழிஞ்சாம்பாறையில் அங்கன்வாடி டீச்சராக இருந்து எத்தனையோ கர்ப்பிணிகளின் கார்டைப் பார்த்தவள் சொல்கிறேன், தாயின் உடம்பு தெரியாமல் பிள்ளையின் எடையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் பயத்தை விடு. அந்த வாரத்தில் ஒரு கிலோவை ஒட்டி இருப்பதுதான் வழக்கம். இனி வரும் 12 வாரத்தில்தான் பிள்ளை மளமளவென்று எடை போடும். ஸ்கேன் மெஷின் குழந்தையை நிறுத்துப் பார்ப்பதில்லை. தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. நூற்றுக்குப் பத்து, பதினைந்து முன்னே பின்னே இருக்கும். அடுத்த ஸ்கேனுக்குள் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் முக்கியம். சின்ன உடல்வாகுள்ள தாய்க்குச் சின்னப் பிள்ளை பிறப்பது இயல்பு. நஞ்சுக்கொடி வழியாகப் போதிய ரத்தம் போகாமல் வளர்ச்சி தேங்குவது வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். டாக்டர் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதே.

ரத்தசோகையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார், உள்ளே வெளுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. வெளுக்கவில்லை என்றாலும் ரத்தம் பரிசோதித்தே ஆக வேண்டும். அரசாங்கம் கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நாலாம் மாதத்திலிருந்து 180 நாள் சாப்பிட வேண்டும். நம் பக்கத்தில் வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து மாத்திரையை அப்படியே அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த பெண்கள் எத்தனை பேர்! கறுப்பாகப் போவது இரும்பினால், கெடுதல் இல்லை. டீ, காபியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதோடு போடக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நல்லது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பாலக்காட்டு ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும். 2013-ல் ஆதிவாசிகள் வாழும் அட்டப்பாடியில் பச்சைக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தபோது, பல குழந்தைகள் எடை குறைந்து பிறந்தவை, தாய்மார்கள் சத்தில்லாமல் ரத்தம் குறைந்தவர்கள். அதன் பிறகுதான் ஊர் ஊராகக் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களின் சமூகச் சமையல் கூடங்கள் வந்தன. பிள்ளையைக் காப்பாற்ற முதலில் தாய்க்குச் சோறு போட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அம்மிணி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைத் தின்பவள். வேலைக்கும் போகிறாள். அதை நீதான் மாற்ற வேண்டும். கூட உட்கார்ந்து சாப்பிடு. நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதற்காக இரண்டு பேர் சோற்றை ஒருத்தி தின்ன வேண்டியதும் இல்லை. கூடுதலாக வேண்டியது நாளுக்கு ஏறக்குறைய 350 கலோரிதான். கீரை, பயறு, முட்டை, பால், கிடைத்தால் மத்தி மீன் என்று அது வரட்டும். நீ இருக்கும் புனேக்குப் பக்கத்துக் கிராமங்களில்தான் டாக்டர் யாக்னிக் குழுவினர் 1990-களிலிருந்து தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் பிறப்பில் சற்றுப் பெரிதாக இருந்தார்களாம். அங்கே பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோதான், ஆனால் மெலிந்த உடம்பிலும் கொழுப்பு மட்டும் குறையவில்லை. நம் ஆட்களுக்குச் சுகர் சீக்கிரம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911-லிருந்து மருத்துவச்சிகள் குழந்தைகளின் எடையை ரிஜிஸ்டரில் எழுதி வந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் அந்த ரிஜிஸ்டர்களைத் தேடியெடுத்து, 1989-ல் சொன்னார்: ஒரு வயதில் எடை குறைவாக இருந்த ஆண்கள் பிற்காலத்தில் இதய நோயால் இறப்பது அதிகம் என்று. நாங்கள் எழுதியது போன்ற ரிஜிஸ்டர்தான் கண்ணு. அதில் எனக்குப் பெருமை. ஆனால் அதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ளாதே. வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான்.

பிள்ளை பெரிதாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. தாய்க்குச் சுகர் இருந்தால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் உணவை மாற்ற வேண்டும். தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல்வயிற்று வலி, பிள்ளை துடிப்பு குறைவது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

ஒருவேளை 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தாலும் கலங்காதே. தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைத்து, தாய்ப்பால் கொடுத்தே எத்தனையோ பிள்ளைகள் தேறியிருக்கின்றன. நீயும் உன் நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். சிறுசு என்று டப்பாப் பாலை ஊற்றிக் கொழுக்க வைக்க மட்டும் விடாதே. பிற்காலத்தில் சுகருக்கு அது வழி.

ராகி மாவும் நிழலில் உலர்த்திய முருங்கைக்கீரையும் பார்சல் போட்டிருக்கிறேன். கீரை ஈரம் படாமல் இருக்கட்டும். எட்டாம் மாதம் நான் அங்கே வரட்டுமா, அம்மிணி அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாளா என்று அவளிடமே கேட்டுச் சொல். அவள் எது சொல்கிறாளோ அதுதான் எனக்கும்.

அம்மா