வடசென்னை பேண்ட் மாஸ்டர்களுக்கு: டிராம்போன் ஸ்லைடுக்குப் பொது மரை வைப்போம்

அன்புள்ள மாஸ்டர்களுக்கு வணக்கம்.

பகலில் வியாசர்பாடியில் லேத்து ஓட்டுகிறேன். முகூர்த்த நாளிலும் தேர்பவனியிலும் உங்களில் பல பேருடைய செட்டில் டிராம்போன் (ஸ்லைடுக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற பித்தளை வாத்தியம்) ஊதியிருக்கிறேன். ராயபுரம், காசிமேடு, புளியந்தோப்பு, பெரம்பூர் என்று எங்கே கூப்பிட்டாலும் வந்து நின்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான்: இனி எந்த டிராம்போனுக்கு லீட்பைப் மாற்ற வேண்டி வந்தாலும், பழையபடி ஈயம் வைத்து ஒட்டிவிடாமல், மரை (திருகுப்புரி) போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்வோம். அந்த மரை எல்லாச் செட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

புதுப் பையன்களுக்காக ஒரு வார்த்தை. வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸைச் செருகுகிற இடத்திலிருந்து உள்ஸ்லைடின் (வெளிஸ்லைடு நகரும்போது உள்ளே அசையாமல் நிற்கிற இரட்டைக் குழாயின்) மேல்குழாய்க்குள் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு இன்னொரு மெல்லிய குழாய் போகிறது. அதுதான் லீட்பைப். மவுத்பீஸ் முடிகிற இடத்தையொட்டி அது குறுகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து ஸ்லைடின் உள்விட்டத்தோடு சேரும். ஊதும்போது காற்று எவ்வளவு முட்டுகிறது, மேல் சுரங்கள் எங்கே உட்காருகின்றன என்பதெல்லாம் அந்தக் குறுகலையும் விரிவையும் பொறுத்தது. பைப்பை மட்டும் மாற்றினாலே ஊதுகிறவனுக்கு வேறு வாத்தியம் கைக்கு வந்த மாதிரி இருக்கும்.

முதலில் கெட்டுப்போவதும் அதுதான். எச்சிலும் மூச்சின் ஈரமும் நேராகப் படுகிற இடம். மஞ்சள் பித்தளையில் நூற்றுக்கு 30 பங்கு துத்தநாகம். ஈரம் தங்கத் தங்கத் துத்தநாகம் கரைந்து போய், வலுவில்லாத செம்பு மட்டும் மிஞ்சும். போன ஆடியில் வேலை இல்லாத நாளாகப் பார்த்து என் டிராம்போனின் பைப்பை உருவினேன். பச்சைக் களிம்பு திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. வினிகரில் ஊறப்போட்டுக் கழுவினால் அடியில் செம்பட்டைப் புள்ளிகள். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். ஊசி குத்தினது போல் நாலு இடத்தில் வெளிச்சம் உள்ளே வந்தது. இரண்டு வருடமாக மேல் எஃப் சுரம் நிற்காமல் ஆடியதற்கு என் உதட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒட்டின பைப்பை யாரும் உருவிப் பார்ப்பதில்லை. கழற்ற முடிகிற பைப் என்றால் வாரா வாரம் பார்க்கலாம், துடைத்து உலர்த்தி வைக்கலாம்.

உருவுகிற வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் என் மனசு இன்னும் ஆறவில்லை. என்னோடு வாசித்த ஒரு தம்பியின் ஸ்லைடை ஒரு பட்டறையில் பெரிய டார்ச் வைத்துச் சுட்டுவிட்டார்கள். மவுத்பீஸ் செருகுகிற வாயான ரிசீவரோடு நிற்காமல் சூடு கைப்பிடி வரை ஏறி, அங்கே இருந்த ஈயப்பற்றும் இளகி, உள்குழாய் ஒரு மயிரளவு சாய்ந்தது. அந்த மயிரளவு போதும். ஸ்லைடை நீட்டி நிறுத்துகிற ஏழு இடங்களில், அதாவது பொசிஷன்களில், நாலாவதைத் தாண்டி அது போகவில்லை. அந்த சீசன் முழுக்க அவன் இரவல் வாத்தியத்தில் ஊதினான். சொந்த வாத்தியம் கடைசியில் பித்தளை விலைக்கு எடையில் போனது.

இத்தனைக்கும் சாதாரண ஈயப்பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். குழாய் சிவக்கிற அளவுக்குச் சூடு தேவையே இல்லை. வெளிஸ்லைடைக் கழற்றி வைத்து, உள்ளே இருக்கிற ஃபெல்ட்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைச் சுற்றி ஈரத்துணி கட்டி, ரிசீவரில் மட்டும் சின்னத் தீயைக் காட்டி, நேராக இழுக்க வேண்டும். வரவில்லையா, எண்ணெய் விட்டு ஒரு நாள் போட்டு வையுங்கள். மல்லுக்கட்டாதீர்கள். வெளியே எடுத்த பிறகு உள்ஸ்லைடை ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் கிடத்தி, ஒவ்வொரு முனையாக விரலால் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் குழாய்கள் இணையாக இல்லை. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போகக் கூடாது.

அப்புறம் ரிசீவருக்குள் உள்மரை போட்ட ஒரு பித்தளை வளையத்தை ஈயம் வைத்து உட்கார்த்த வேண்டும். அது ஒரு தடவை வேலை. ஒவ்வொரு பைப்பின் தலையிலும் அதற்குச் சேருகிற வெளிமரை. கையால் திருகினாலே போதும், ஸ்பேனர் வேண்டாம். பைப்பின் மறுமுனை குழாயோடு ஒட்டி உட்கார வேண்டும். தளர்ந்திருந்தால் சில சுரங்களில் இர்ரென்று அதிரும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நல்ல பழைய வாத்தியம், பைப்பும் கெடவில்லை என்றால் தொடாதீர்கள்.

அமெரிக்காவில் எட்வர்ட்ஸ், ஷயர்ஸ் போன்ற கம்பெனிகள் கழற்றி மாட்டும் பைப்போடேயே டிராம்போன் செய்கின்றன. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மரை வேறு. அந்தச் சிக்கலை நாம் இங்கேயும் உண்டாக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் பொது மரை கேட்கிறேன். சரியாகச் சொன்னால் இரண்டு மரை வேண்டும். 0.500, 0.508 அங்குல உள்விட்டத்தில் ஸ்லைடு இருக்கிற, சின்னத் தண்டு மவுத்பீஸ் போடுகிற டிராம்போன்களுக்கு ஒன்று, 0.547 அங்குல ஸ்லைடும் பெரிய தண்டும் உள்ளவற்றுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் மரையின் பிட்ச், அதாவது புரிக்குப் புரி இடைவெளி, 1 மில்லிமீட்டர் என்று வைக்கலாம். எந்த லேத்திலும் வெட்டிவிடலாம்.

இரவல் போன பைப் திரும்பி வராது என்று நினைப்பீர்கள். செட்டின் பெயரைப் பைப்பின் தலையில் பொறித்துவிடலாம். முகூர்த்தம் குவிகிற நாளில் ராயபுரத்து ஆள் புளியந்தோப்புச் செட்டில் ஊதுகிறான், அங்கிருக்கிறவன் காசிமேட்டுக்கு வருகிறான். ஆளையே பகிர்ந்துகொள்கிறோம். காலை ஏழு மணி ஊர்வலத்துக்கு ஆறரைக்கு ஒருவன் பைப் பிளந்து நின்றால், பக்கத்துச் செட்டின் பைப்பைத் திருகிக்கொண்டு அவன் வரிசைக்குப் போய்விடலாம்.

வருகிற ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் உட்காருவோம். ஆளுக்கொரு ஸ்லைடும் மவுத்பீஸும் கொண்டு வாருங்கள், விட்டம் அளக்கிற வெர்னியர் அளவுகோலை நான் கொண்டு வருகிறேன். எல்லாவற்றையும் அளந்து எழுதிவிட்டால் மரையின் விட்டம் அன்றைக்கே முடிவாகிவிடும். முதல் நாலு வளையத்துக்கு நான் கூலி வாங்க மாட்டேன். பித்தளைக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து உங்கள் டிராம்போன்காரன்