மடக்குக் கத்தியின் பூட்டு நழுவி விரலில் காயம்: பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையை நிறுத்தவும் கோரும் புகார்

அனுப்புநர்:
சொட்டுநீர்க் குழாய் அமைக்கும் தொழிலாளி,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணைய விற்பனைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்களிடம் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கிய மடக்குக் கத்தி, வேலை நடக்கும்போதே மடங்கி என் வலது கை ஆள்காட்டி விரலை வெட்டிவிட்டது. நடுக்கணுவுக்கு மேல் தையல் போட வேண்டியதாயிற்று. கத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு எழுதினேன். பயன்படுத்திய தடயம் இருப்பதால் திரும்பப் பெற இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. கூடவே, அடுத்த முறை வாங்கும் பொருளுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். தையல் போட்ட கையோடு அந்தக் கூப்பனைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

என் தொழிலில் பையில் கத்தி இல்லாமல் வயலில் இறங்க முடியாது. செடி வரிசைக்கு நீர் கொண்டுபோகும் 16 மி.மீ. லேட்டரல் குழாயை அளவு பார்த்து வெட்ட வேண்டும், கயிறு அறுக்க வேண்டும், உர மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். மதியச் சோற்றுக்கு மாங்காய் நறுக்குவதும் அதே கத்திதான். ஆகவே யோசித்துத்தான் வாங்கினேன். அலகு மூன்று அங்குலம் போதும். அதற்கு மேல் நீண்டால் பையில் இடிக்கும், பார்ப்பவர்களுக்கும் உறுத்தும். எடை நூறு கிராமைச் சுற்றி இருக்க வேண்டும். ஒரு கையால் திறக்க வர வேண்டும், மறு கையில் குழாய் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விரித்த அலகு பூட்டிக்கொள்ள வேண்டும். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின், மடக்கினால் 91 மி.மீ. நீளமுள்ள சுவிஸ் கத்திகளில் அலகுக்குப் பூட்டு கிடையாது, முதுகு ஸ்பிரிங்கின் இறுக்கம் மட்டுமே. பழத்துக்கும் நூலுக்கும் அது தாராளம். பூட்டு உண்டு என்று அவர்கள் சொல்வதும் இல்லை. குழாய் வெட்டுகிறவனுக்கு அது போதாது என்பதால்தான், "உறுதியான லைனர் லாக்" என்று தாங்கள் கொட்டை எழுத்தில் போட்டிருந்த இந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்தேன்.

லைனர் லாக் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தங்கள் தரப் பிரிவினர் ஒரு முறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு, அலகு முழுதாக விரிந்ததும் பக்கவாட்டில் தாவி அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். அந்த முட்டு ஒன்றுதான் அலகுக்கும் விரல்களுக்கும் நடுவே இருக்கும் காப்பு. எனக்கு வந்த கத்தியில் தகட்டின் நுனி அடிப்பாகத்தின் ஓரத்தை மட்டும் மயிரிழை அளவுக்குத் தொடுகிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டுக்கும் இடையே கோடு போல ஒளி தெரிகிறது, ஏனென்றால் முட்டும் இரு முகங்களின் சரிவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தாழ்ப்பாளை நுனியில் மட்டும் மாட்டிவிட்டுக் கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. விரல்களை வெட்டுவாயின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை உள்ளங்கையால் லேசாக அழுத்தினாலே தகடு நழுவி அலகு மடங்குகிறது. குழாயில் கத்தி சிக்கி, அதை மேல்நோக்கி அசைத்து எடுக்கும்போது முதுகில் விழுவதும் இதே அழுத்தம்தான். அன்று நடந்ததும் அதுவே. குழாய் வெட்டுகிற யாருக்கும் கத்தி சிக்கும். கத்தி என்றால் அதைத் தாங்கியாக வேண்டும்.

நல்ல பூட்டு செய்வது யாருக்கும் எட்டாத வித்தையும் இல்லை. பிரான்சின் ஓப்பினெல் கத்தியில் கழுத்து வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாமல் நிற்கும். அந்த வளையம் 1955 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் பக் 110 கத்தி பிடியின் முதுகில் அமைந்த பூட்டோடு 1964இல் வந்தது. இன்று நாம் காணும் லைனர் லாக்கை அமெரிக்கக் கத்தி வினைஞர் மைக்கேல் வாக்கர் உருவாக்கியது 1980களின் தொடக்கத்தில். இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்றைச் சரியாக அரைத்துப் பொருத்தாமல் அனுப்பியதற்குக் கவனமின்மையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து எஃகு. தங்கள் விற்பனைப் பக்கத்தில் 440சி என்ற எஃகு வகை இருக்கிறது. அலகின் மேல் டி2 என்ற வேறு வகையைப் பொறித்திருக்கிறது. பெட்டியின் லேபிளில் வெறுமனே துருப்பிடிக்காத எஃகு என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே கத்திக்கு மூன்று பதில்கள்! 440சி எஃகில், துருவைத் தடுக்கும் குரோமியம் 16 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். டி2வில் ஏறத்தாழ 12 சதவீதம், அதிலும் பெரும்பகுதி எஃகிலுள்ள கார்பனோடு சேர்ந்து கட்டுண்டுவிடும். அதனால் டி2வுக்குத் துருவை எதிர்க்கும் திறன் குறைவு. மாங்காய் நறுக்கித் துடைத்து வைத்த கத்தியில் மறுநாளே வெட்டுவாயை ஒட்டிச் செம்புள்ளிகள் வந்தன. டி2 மட்டமான எஃகு என்று நான் சொல்லவே மாட்டேன். கூர் நெடுநாள் நிற்கும், எண்ணெய் தடவிக் காப்பாற்றினால் உழைக்கும். டி2 என்று சொல்லி விற்றிருந்தால் அப்படியே பராமரித்திருப்பேன், அல்லது வேறு கத்தியைப் பார்த்திருப்பேன். எது என்று தெரிந்து வாங்கும் உரிமையைத் தாங்கள் பறித்துவிட்டீர்கள்.

இனி, பயன்படுத்திய தடயம் என்ற அந்தப் பதிலுக்கு வருகிறேன். பூட்டு பிடிக்குமா என்பதைக் கத்தியை விரித்து, எதையாவது வெட்டிப் பார்க்காமல் எப்படி அறிவது? பயன்படுத்தினால்தான் வெளிப்படும் குறைக்கு, பயன்படுத்தியதையே காரணம் காட்டி மறுத்தால், தாங்கள் விற்கும் எந்தக் கத்தியையும் யாரும் எந்நாளும் திருப்பித் தர முடியாது. சட்டமும் இதை ஏற்கவில்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. என் கத்தி இரண்டு வகையிலும் அடங்கும். புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது குறைதீர் அலுவலரின் கடமை என்பதும் அதே விதிகளில் உள்ளது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விற்பனைப் பக்கத்தில் "தற்காப்புக்கும் ஏற்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நீக்குங்கள். தொழிலுக்காகக் கத்தி வைத்திருப்பவர்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் வரி அது. அதே பக்கத்தில் ஸ்பிரிங் விசையில் திறக்கும் கத்திகளை இந்தியா முழுவதும் அனுப்புவதாகவும் போட்டிருக்கிறீர்கள். அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் உள்ள ஸ்பிரிங் கத்திகளை டெல்லியில் 1980ஆம் ஆண்டின் அரசு அறிவிக்கை தடை செய்கிறது. விவரம் அறியாமல் அங்கிருந்து வாங்குகிறவர் வழக்கில் மாட்டினால் யார் பொறுப்பு?

கத்தியின் விலை முழுவதையும், தையலுக்கும் ஊசிக்கும் மருந்துக்கும் ஆன 860 ரூபாயையும் தாங்கள் தர வேண்டும். கூப்பன் எனக்குத் தேவையில்லை. அதைவிட அவசரமானது, இந்த மாடலின் விற்பனையை உடனே நிறுத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பூட்டின் குறையைத் தெரிவிப்பது. என் விரல் ஆறிவிடும். இதே கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு இன்று யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்களோ என்ற கவலைதான் எனக்குப் பெரிது. ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

விலைச்சீட்டு, மருத்துவமனை ரசீது, பூட்டின் நெருக்கப் படம், எஃகின் பெயர் மூன்று விதமாக இருப்பதைக் காட்டும் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கத்தியை மடக்கி, நாடாவால் இறுகச் சுற்றி வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல ஆள் அனுப்பினால் ஒப்படைக்கிறேன். பிரித்துப் பார்ப்பவர் கையுறை அணிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்