கதவு வாங்கக் கொழும்புக்குப் பஸ் ஏறுமுன்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு உன் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைப் பின்னால் எடுத்திருக்கிறாய். கதவு கேற் தூணில் கொளுவி முன்பக்கமாக மடங்கிவிட்டது. இந்த வகைக் கெப் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பின்னால் எடுக்கிறார்கள். அதைப் பற்றி உன் அம்மா வேண்டிய அளவு சொல்லியிருப்பாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கராஜில், "வேறு கதவு பார்த்து மாட்டிவிடலாம், ஒரு நாள் வேலை" என்றார்களாம். நீயும் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போக நாள் பார்க்கிறாயாம். கொஞ்சம் பொறு. அடிபட்டது கதவா, வண்டியின் உடம்பில் அந்தக் கதவைத் தாங்குகிற தூணா என்பதை இன்னும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. தூண் பிசகியிருந்தால், ஜப்பானிலிருந்து பெட்டி பிரிக்காமல் வந்த கதவை மாட்டினாலும் அது ஒழுங்காகப் பூட்டாது. பிறகு ஆளாளுக்குச் சுத்தியலும் கையுமாக நின்று நல்ல கதவையும் வளைப்பார்கள்.

உனக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்க இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி விட்டார்கள். அதற்குள் நம் பக்கத்தில் 30 வயது தாண்டிய ஹைலக்ஸ்கள் எல்லாம் குடும்பச் சொத்துப் போல ஆகிவிட்டன. விற்கவும் மனம் வரவில்லை, புதிதாக வாங்கவும் வழியிருக்கவில்லை. ஆகவே கதவு நசுங்கியவர்கள் நீ ஒருவன் மட்டும் அல்ல.

முதலில் உன் வண்டிக்கு என்ன நடந்தது என்று விளங்கிக்கொள். ஓட்டத்தில் பக்கவாட்டில் இடி வாங்கிய கதவில், பெரும்பாலும் வெளித்தகடுதான் உள்ளே போகும், கதவு திரும்புகிற பிணைச்சல் தப்பிவிடும். உனக்கு நடந்தது அதற்கு மறுதலை. கதவின் பின்விளிம்பு கேற் தூணில் நின்றுவிட்டது, வண்டி தொடர்ந்து பின்னால் போனது. ஒரு மீட்டர் நீளக் கதவு அப்படியே நெம்புகோலாகி, முழுப் பலத்தையும் இரண்டு பிணைச்சல்களில் இறக்கியிருக்கிறது. கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடிக்கிற இரும்புப் பட்டிதான் முதலில் அறுந்திருக்கும். பிறகு கதவின் முன்விளிம்பு மட்கார்டில் ஏறி அதையும் சுருட்டியிருக்கும். கடைசியாகத்தான் பிணைச்சலும் அது பொருந்தியிருக்கிற தூணின் தகடும் வளையும். படத்தில் மட்கார்டின் ஓரம் சுருண்டிருப்பது தெரிகிறது. தூண் தெரியவில்லை, நீ அதைப் படம் எடுக்கவே இல்லை.

நாளைக் காலை வெயில் ஏறுமுன் ஒரு வேலை செய். கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மெல்ல மேலே தூக்கு, பிறகு விடு. வேறொருவரை முன்னால் குந்தவைத்துப் பிணைச்சலையே பார்க்கச் சொல். ஆணி துளைக்குள் ஆடினால் அது பழைய தேய்மானம், அடிபட்டதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆணி ஆடாமல், பிணைச்சலைச் சுற்றியுள்ள தூணின் தகடு மூச்சு விடுவது போல உள்ளேயும் வெளியேயும் போனால், அங்கேதான் நோய். பெயின்ற் மயிரிழை மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்றும் பார். தகடு மடங்கிய இடத்தை அந்த வெடிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது அளவு. இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிட்டு, கதவு வாசலின் மேல் முன்மூலையிலிருந்து கீழ்ப் பின்மூலைக்கு நாடா பிடி. பிறகு மற்ற மூலைவிட்டத்தையும் அள. அதே புள்ளிகளை இடதுபக்க வாசலிலும் எடு. இடது பக்கம் அடிபடாததால் அதுதான் உனக்கு அளவுகோல். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் என்றால் வாசல் நன்றாக இருக்கிறது, பிணைச்சலைச் சரிசெய்தே தப்பிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் தூணை இழுத்து நேராக்காமல் வேறு எந்த வேலையிலும் கை வைக்கக் கூடாது. கராஜ்காரர் "கண்ணுக்குத் தெரியாது தம்பி" என்பார். கண்ணுக்குத் தெரியாதுதான். மழைக்குத் தெரியும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பதை எல்லோரும் கதையாகச் சொல்கிறார்கள். உதிரிப்பாகம் வராத அந்த நாளில் டிங்கர் வேலைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. மாற்றக் கதவு கிடையாது, ஆகவே இருந்த தகட்டையே பேசவைத்தார்கள். இழுபட்டு விரிந்த தகட்டைச் சுருக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்: காஸ் சுடரால் சில்லறைக் காசு அளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிவரத் தட்டி, ஈரத் துணியால் ஒற்றி எடுப்பார்கள். விரல் வைத்தால் 'டப் டப்' என்று உள்ளேயும் வெளியேயும் துள்ளுகிற தகடு, அந்த ஈரத்துணி பட்டதும் அடங்கிவிடும். இப்போது அந்தப் பொறுமை எல்லோரிடமும் இல்லை. பள்ளம் என்றால் அதை நிரப்பப் புட்டிப் பசை, பெரிய பள்ளம் என்றால் நிறையப் புட்டி. 3 மில்லிமீட்டருக்கு மேல் புட்டி ஏறிய இடம் வெடிக்காமல் நிற்பது அபூர்வம். நம் ரோட்டில் அதுவும் கிடையாது.

உன் கதவைத் தட்டி எடுக்கலாமா என்று கேட்பாய். வெளித்தகட்டில் பள்ளம் மட்டும் என்றால் நான் தட்டத்தான் சொல்வேன். முன்விளிம்பில், பிணைச்சல் பிடிக்கிற உள்கூடு கசங்கியிருக்கிறது என்றால் தட்டவே வேண்டாம். அந்த இடம்தான் கதவின் முதுகெலும்பு. ஒருமுறை மடிந்த தகட்டை நிமிர்த்தி வைத்தாலும் பாரம் ஏறினால் அதே மடிப்பில் திரும்பப் போகும். உன் படத்தில் மேல் பிணைச்சலுக்குக் கீழே ஒரு கூர்மையான மடிப்பு தெரிகிறது. ஆகவே கடைசியில் வேறு கதவுதான் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் தூண் நேரான பிறகு.

கதவு வாங்கப் போகும்போது வண்டியின் தகட்டிலுள்ள மாடல் குறியீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போ. "நைன்ரி ஃபோர் ஹைலக்ஸ்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் கையில் கிடைப்பதைத் தருவார். 1988-இலிருந்து 1997 வரை அந்த உடம்பு ஓடியது. அதற்குள் முக்கோணக் கண்ணாடி வைத்த கதவும் உண்டு, இல்லாத கதவும் உண்டு. சைட் கண்ணாடி பொருந்துகிற இடமும் வேறுபடும். உன்னுடையது ஒரு வரிசை இருக்கை கொண்ட சிங்கிள் கெப். டபிள் கெப்பின் முன்கதவைக் காட்டி "இரண்டும் ஒன்றுதான்" என்றால், பழைய கதவில் எடுத்த நீளத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசு.

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பொக்கற்றில் வைத்துக்கொள். கதவின் கீழ்ப் பாதியில் அதை மெல்ல நகர்த்து. பிடித்துக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில் வழுக்கினால் அங்கே புட்டி இருக்கிறது. பிறகு கதவைக் குப்புறக் கவிழ்த்து அடிவிளிம்பைப் பார். வெளித்தகடு உள்கூட்டின் மேல் மடித்து அழுத்தியிருக்கிற அந்த மடிப்புக்குள்தான் கறள் தொடங்கும், வெளியே கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். திருகாணி முனையால் மடிப்பை அழுத்திப் பார். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். கடற்கரை ஊரில் ஓடிய வண்டியின் கதவு வெளியே எவ்வளவு மினுங்கினாலும் வேண்டாம். மலைநாட்டுப் பக்கம் ஓடியதாகச் சொன்னால் நம்பாதே, ஆனால் பார்.

தாய்வான் கதவு புதிதாகக் கிடைக்கும் என்பார்கள். கறள் இருக்காது, அது ஒன்றுதான் அதன் பெருமை. நான் கண்டவற்றில் தகடு மெலிவு, விளிம்பு வாசலோடு ஒட்டுவதில்லை, இடைவெளி சரிபார்க்க இன்னொரு கூலி. ஒழுங்கான பழைய டொயோட்டா கதவு கிடைத்தால் அதையே எடு.

பழைய கதவைக் கழற்றுமுன் பிணைச்சலின் விளிம்பைச் சுற்றி ஆணிமுனையால் கீறிக்கொள். ஹைலக்ஸில் பிணைச்சல் போல்ட்டில் நிற்பதால் உனக்கு அதிர்ஷ்டம். அதே காலத்து அமெரிக்க செவர்லே பிக்கப்களில் வெல்டிங் பிடித்திருப்பார்கள், அவர்கள் பாடு பெரும்பாடு. உன் தூண் வளைந்திருந்தால் அந்தக் கீறல் சரியான இடத்தைக் காட்டாது என்பது உண்மை. ஆனாலும் எங்கிருந்து தொடங்கினோம் என்று தெரிய வேண்டும்.

கண்ணாடி சுற்றுகிற கைப்பிடியை ஸ்குறூ ட்ரைவரால் நெம்பி உடைக்காதே. அதன் பின்னால் ஒரு கம்பி வளையம் கவ்விக்கொண்டிருக்கிறது. பழைய துணித் துண்டொன்றை கைப்பிடிக்கும் உள்மட்டைக்கும் நடுவே விட்டு, சப்பாத்துத் துடைப்பது போல இருபுறமும் மாறி மாறி இழு. துணியின் நூல் வளையத்தின் முனையில் சிக்கி அதை வெளியே தள்ளும். மறுகையை முன்னால் வைத்துக்கொள். இல்லாவிட்டால் வளையம் பறந்துபோய், நீ முற்றத்து மண்ணில் முழங்காலில் நிற்க வேண்டும். உள்மட்டைக்குப் பின்னால் பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கண்ணாடியின் வழியே இறங்குகிற மழைத்தண்ணீர் கதவுக்குள் விழுந்து அடித்துளை வழியே போவதற்காகத்தான் அந்தத் தாள். அது இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே வந்து மட்டை ஊறும், பிறகு கால்விரிப்பு, பிறகு தரைத்தகடு. பழையது கிழிந்துவிட்டால் தடித்த பொலித்தீனை வெட்டி ஒட்டு. அடித்துளைகளையும் கம்பியால் குத்தித் திறந்துவிடு.

உன் பழைய கதவிலிருந்து பூட்டுருளையை எடுத்து வாங்கிய கதவில் மாற்று. ஒரு கம்பிக் கவ்வியில்தான் நிற்கிறது, கழற்றுவது சிரமமில்லை. இல்லாவிட்டால் ஒரு வண்டிக்கு இரண்டு திறப்பு வைத்துக்கொண்டு திரிய வேண்டும். கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் பொறி, ரப்பர் ஆகியவற்றில் எந்தக் கதவினுடையது நல்லதோ அதை வை.

கதவு தூக்கும்போது, பூட்டு கவ்வுகிற, வாசலின் பின் தூணிலிருக்கிற கொளுக்கியை முதலில் கழற்றிவிடு. பலர் அதை விட்டுவிட்டுக் கதவைச் சரிபார்க்கிறார்கள். பூட்டு கொளுக்கியில் ஏறும்போது கதவு தானாகத் தூக்கப்பட்டு, இடைவெளி ஒழுங்காக இருப்பது போலக் காட்டும். கொளுக்கி இல்லாமல் மூடி, மேலும் கீழும் பின்னும் இடைவெளி இடதுபக்கக் கதவுபோல வரும்வரை பிணைச்சலை நகர்த்து. அதன்பின் கொளுக்கியை வைத்து, பூட்டுக்கு ஏற்ப அதை நகர்த்து. பூட்டை ஒருபோதும் கொளுக்கிக்காக வளைக்காதே.

பெயின்ற் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வெள்ளை வண்டி. தகட்டிலுள்ள நிறக்குறியீடு தொழிற்சாலையில் அடித்த வெள்ளையைச் சொல்லும். வெயில் தின்ற வெள்ளை அதுவல்ல. மட்கார்டை நன்றாக மெருகேற்றிய பிறகு, அதைப் பார்த்து நிறம் கலக்கச் சொல். கதவின் உள்ளே, அந்த அடிமடிப்புக்குள், மெழுகு எண்ணெய் போகுமாறு விட வேண்டும் என்று கராஜில் நீயே நின்று சொல். பெயின்ற் காய்ந்த பிறகுதான் விட வேண்டும், ஆனால் விடாமல் அனுப்பிவிடுவார்கள்.

கொளுக்கியின் திருகாணிகள் இரண்டும் பெரிய நட்சத்திரத் தலை. சாதாரண ஸ்குறூ ட்ரைவரால் முயன்றால் தலை தேய்ந்து, பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்புகிற இம்பக்ட் ட்ரைவர் வேண்டும். அது என்னிடம் இருக்கிறது, வாங்காதே. மூலைவிட்ட அளவுகள் நான்கையும், தூணின் படத்தையும் முதலில் அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்குப் போவதா, தூண் இழுக்கிறவரிடம் போவதா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா