அம்மாவுக்காகச் சைக்கிள் மிதித்தோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறியவர்களில் என் அம்மாவும் ஒருவர். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினார். அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட கோபம்.

போன மாதம் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். படையலுக்கு முன், விடியற்காலையில், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சித்தன்னவாசல் வரை சைக்கிளில் போனோம். “திவசத்தன்று இதென்ன கூத்து?” என்றார் பெரியப்பா. அப்புறம் அவரே டிவிஎஸ் 50-இல் தண்ணீர்க் கேனோடு பின்னால் வந்தார்.

வாடகை சைக்கிள் எங்குமே இல்லை. தெருவில் பிளஸ் 1 பிள்ளைகளிடமிருந்த அரசின் விலையில்லா மிதிவண்டிகளைத்தான் இரவல் வாங்கினோம். அது சரி, ரோடுதான் பயமுறுத்திவிட்டது. லாரி ஹாரன் அடித்தால் ஒதுங்க இடமில்லை. தார் விளிம்பை ஒட்டிப் பள்ளம். அக்கா மகள் அதில் இறங்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பள்ளிப் பிள்ளைகள் தினமும் போகிற வழி இது. மழைக்கு முன் ஓரத்தில் கிராவல் கொட்டி இறுக்கிவிட்டால் போதும், தனிப் பாதையெல்லாம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்கோட்டை.