செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: கிளைடர்களும் ஜெட் விமானங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தின் மிண்டன்–டாஹோ விமானத் தளத்தில் கிளைடர் எனும் எஞ்சினில்லா விமானங்களை ஓட்டும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். வழக்கமான பணிகள் குறையின்றி நடந்தன. அருகிலுள்ள ரீனோ நகருக்கு இறங்கிவரும் ஜெட் விமானங்களோடு நம் கிளைடர்கள் மோதும் அபாயத்தைப் பற்றியே குழு இவ்வாண்டு அதிகம் விவாதித்தது என்பதால், அதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

2006 ஆகஸ்டு 28 அன்று நடந்ததைப் புதிய உறுப்பினர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடிலிருந்து ரீனோ நோக்கி வந்த ஹாக்கர் 800எக்ஸ்பி ஜெட்டும், மிண்டனிலிருந்து கிளம்பி ஸ்மித் என்ற ஊருக்கு அருகே வட்டமிட்டு உயரம் ஏறிக்கொண்டிருந்த கிளைடரும் சுமார் 16,000 அடி உயரத்தில் மோதின. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். மூக்குப் பகுதி சிதைந்த ஜெட்டை, சக்கரங்கள் இறங்காத நிலையிலேயே விமானிகள் கார்சன் சிட்டியில் தரையிறக்கினர். அதிலிருந்த ஐந்து பேரும் உயிர் தப்பினர். கிளைடரில் டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடார் போன்றவற்றின் கேள்விச் சமிக்ஞைக்குத் தானாகப் பதில் அனுப்பி விமானத்தை அறிவிக்கும் கருவி, இருந்தது, ஆனால் பேட்டரியைச் சேமிப்பதற்காக அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. விபத்துக்கான காரணமாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதையும், இரு விமானங்களும் நெருங்கிய அதிவேகத்தையும் சேர்த்தே குறிப்பிட்டது.

கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாமே என்று கூட்டத்தில் சிலர் கேட்டனர். எதிரே ஒரு விமானம் இருப்பதைக் கண்டு, அது மோதும் பாதையில் வருகிறது என உணர்ந்து, முடிவெடுத்துத் திருப்பி, விமானம் உண்மையில் திரும்புவதற்குள் ஏறக்குறைய 12.5 வினாடிகள் ஆகின்றன என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குத் தரும் கணக்கு. 300 நாட் (மணிக்குச் சுமார் 556 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் ஜெட் அந்த நேரத்தில் சுமார் 1.9 கிலோமீட்டரைக் கடந்துவிடும். நம் கிளைடரோ வெள்ளை நிறம், இறக்கை மெல்லியது, நேரெதிரே பார்த்தால் கத்தியின் விளிம்பைப் போல ஒரு கோடுதான் தெரியும், மேகத்தின் பின்னணியில் அதுவும் தெரியாது. அது வட்டமிட்டுச் சாயும்போதுதான் இறக்கையின் முழு அகலமும் கண்ணில் படுகிறது. ஆகவே பார்வையை மட்டும் நம்புவது இந்த வான்வெளியில் போதாது என்பதில் எனக்குச் சற்றும் ஐயமில்லை.

ஜெட்டில் உள்ள மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ், டிரான்ஸ்பாண்டரின் பதிலை மட்டுமே கேட்கும். நம்மில் பலர் பொருத்தியுள்ள ஃபிளார்ம், கிளைடர்கள் ஒன்றையொன்று அறிவதற்கு மிக நல்ல கருவிதான் என்றாலும், அதன் சமிக்ஞை டிகாஸுக்கு எட்டாது. இந்த வேறுபாட்டைப் பலர் இன்னமும் குழப்பிக்கொள்வதால் பயிற்சி வகுப்பில் இதற்கெனத் தனி நேரம் ஒதுக்கினோம்.

10,000 அடிக்கு மேல் டிரான்ஸ்பாண்டர் வேண்டும் என்ற விதியிலிருந்து கிளைடர்களுக்கு விலக்கு உண்டு. அதை நீக்கும்படி பாதுகாப்பு வாரியம் 2008-இல் பரிந்துரைத்தும் விலக்கு நீடிக்கிறது. மின்னமைப்பே இல்லாத பழைய கிளைடர் வைத்திருப்போரின் சிரமத்தைக் குழு உணர்கிறது. அவர்களை இப்போது கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கருவி பொருத்தியிருப்போர், புறப்படுவது முதல் தரையிறங்கி நிற்கும் வரை அதை அணைக்கக் கூடாது என்றும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேறு அடையாள எண் தராத நேரங்களில் கிளைடர்களுக்கான 1202 என்ற எண்ணையே அதில் வைத்திருக்க வேண்டும் என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். சட்டம் கேட்காததை நாமே ஏற்றுக்கொண்ட இம்முடிவு, இவ்வாண்டின் மிகச் சிறந்த பணி என்று கருதுகிறேன்.

இனி மிஞ்சுவது பேட்டரிதான். உயரத்தின் குளிரில் பழைய பேட்டரி விரைவில் களைத்துவிடுகிறது. ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டுமே என்ற கவலையில்தான் கை டிரான்ஸ்பாண்டர் சுவிட்சுக்குப் போகிறது. எனவே கோடைப் பறத்தல் தொடங்குமுன் ஒவ்வோர் உறுப்பினரும் தம் பேட்டரியை, ரேடியோவும் டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்து இயங்கும் நிலையில் முழுதும் தீரும்வரை சோதித்து, அது தாங்கிய நேரத்தைக் கொட்டகையிலுள்ள பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்