சுசீந்திரம் தெரியாமல் சமூக நீதியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிகளில் சமூக நீதியைப் பாடமாக வைப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பாடம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நடத்துகிற விதம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் மகள் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இன்டர்னல் தேர்வுக்காக அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தை ராத்திரி வெகுநேரம் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் நிறம் பார்த்து இடம் ஒதுக்கியதை எதிர்த்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, 1955, 381 நாட்கள், எல்லாம் சரியாகச் சொன்னாள். சரி, சுசீந்திரத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன், விழித்தாள். கொட்டாரத்திலிருந்து அவள் தினமும் ஏறுகிற பேருந்து சுசீந்திரம் வழியாகத்தான் போகிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கக்கூடாது என்றிருந்ததை எதிர்த்து 1926-இலும் 1930-இலும் அங்கே சத்தியாகிரகம் நடந்தது, டாக்டர் எம்.இ. நாயுடு முன்னால் நின்றார். நம் பகுதி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டமும், சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க அய்யா வைகுண்டர் வெட்டச் செய்த முத்திரிக் கிணறும் இதே மாவட்டத்தில்தான். இவற்றில் ஒன்றுகூட அவள் நோட்டில் இல்லை.

அமெரிக்காவைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் நன்றாகப் படிக்கட்டும். ஜேம்ஸ் லாசன் என்றொரு அமெரிக்கக் கறுப்பினப் பாதிரியார் நாக்பூரில் மூன்று வருடம் இருந்து, காந்தியின் வழியைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார், அப்புறம் நாஷ்வில் நகரத்துக் கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். கேள்வி பதில் வகுப்பு இல்லை அது. ஒரு மாணவன் திட்டுவான், நாற்காலியை இழுப்பான், தள்ளிவிடுவான், மற்றவன் திருப்பி அடிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். அப்படிப் பழகியவர்கள்தான் 1960-இல் வெள்ளையர்களுக்கு மட்டும் சோறு போட்ட கடைகளில் போய் உட்கார்ந்தார்கள், சிறைக்கும் போனார்கள், மே மாதம் சில கடைகள் எல்லோருக்கும் திறந்தன. லாசனை அவர் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் வெளியேற்றியது. நம் மண்ணிலிருந்து கற்றுக்கொண்டு போனதை அங்கே பயிற்சியாகச் செய்தார்கள், நாம் அவர்கள் செய்ததை ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறோம். எனக்கு மனசு ஆறவில்லை.

மனு எப்படி எழுதுவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது, ஒருவன் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினால் பக்கத்தில் நிற்கிறவள் என்ன செய்ய வேண்டும், இதையெல்லாம் வகுப்பில் செய்து பார்க்கலாமே. விடுதியில் யார் யாரோடு அறை எடுக்கிறார்கள், ஏன் என்று மாணவர்களே பேசட்டும். சங்கடமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்தப் பருவம் முடிவதற்குள் பிள்ளைகளை ஒருநாள் சுசீந்திரம் தெருக்களிலும் சாமித்தோப்புக் கிணற்றடியிலும் நடத்திக் கூட்டிப்போங்கள். வேன் வாடகையைப் பெற்றோர்கள் நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.

ஒரு மாணவியின் அப்பா,
கொட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்