நீ எடுத்துவிட்ட ஐந்து கல்லூரிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய்: "உதவித்தொகைக்கு அப்பா வருமான விவரமும் கேக்கற காலேஜ் அஞ்சையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டேன்." ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. பெற்ற அப்பனிடம் கேட்க உனக்குத் தயக்கம் வந்திருக்கிறது என்றால், அந்தத் தயக்கத்தை வரவழைத்தவன் நான்தான்.

காலையில் விவாகரத்துப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். நியூ ஜெர்சி எடிசன் ஊரில் இருந்த வீடு யாருக்கு, பாட்டியின் வெண்கல உருளி யாருக்கு, கோடை லீவில் நீ யாரிடம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். உன் கல்லூரிச் செலவுக்கு ஒரே ஒரு வரிதான்: பிறகு பேசிக்கொள்வது. உனக்கு அப்போது எட்டு வயது. அந்த வரியைத் தாண்டிக் கையெழுத்துப் போட்டதை நினைத்தால் இப்போது வலிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரசின் கல்லூரி நிதியுதவிக்கு நிரப்பும் ஃபாஃப்சா படிவத்தில் முன்பெல்லாம், பிள்ளை கடைசி 12 மாதத்தில் யாரோடு அதிக நாள் இருந்ததோ அவருடைய வருமானத்தைக் காட்டுவார்கள். 2024-25 முதல் அது மாறிவிட்டது. பிள்ளைக்காக யார் அதிகம் பணம் செலவழித்தார்களோ அவர்தான் காட்ட வேண்டும். நீ இருப்பது அம்மாவோடு. ஆனால் நான் மாதாமாதம் அனுப்புவது, உன் மருத்துவக் காப்பீடு, பல்லுக்குக் கம்பி போட்டது எல்லாவற்றையும் கூட்டினேன். அம்மாவிடம் பேசி, உனக்காக ஆகிற வாடகை, சாப்பாட்டுக் கணக்கையும் கேட்டு வாங்கினேன். என் பக்கம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. அதனால் என் பெயர்தான் போகும். அதற்காக, உன்னை வளர்த்தது அம்மா இல்லை என்று ஆகிவிடாது.

அம்மா பெயரைப் போட்டால் உதவித்தொகை அதிகம் கிடைக்குமே என்றாய். கிடைக்கலாம். ஆனால் உண்மைக் கணக்கு எதுவோ அதையே எழுதுவோம். என் சம்பளத்தால் குறைகிற தொகை உன் தலையிலோ அம்மா தலையிலோ விழாது, அதை நான் கட்டுகிறேன். இன்னொன்று: 2026-27 படிவம் 2024 வரிக் கணக்கைத்தான் பார்க்கும். இந்த வருஷம் வேலை மாறியதில் என் சம்பளம் குறைந்துவிட்டது அல்லவா? படிவம் போன பிறகு, ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் சம்பளச் சீட்டோடு எழுதி, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தக் கடிதங்களை நான் எழுதித் தருகிறேன்.

நீ எடுத்துவிட்ட ஐந்தும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் கேட்பவை. கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து உதவி தருவதற்குக் கேட்கும் தனிப் படிவம் அது; காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது. பிரிந்திருக்கும் பெற்றோர் இருவரின் விவரமும் வேண்டும் என்று பல கல்லூரிகள் அதில் கேட்கும். அம்மாவும் நானும் தனித்தனிக் கணக்கில் நிரப்புவோம். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது, அம்மா எழுதுவது எனக்குத் தெரியாது. அதனால் எங்களுக்குள் பழைய சண்டை கிளம்புமோ என்று நீ பயப்பட வேண்டாம். அப்பா எங்கே என்றே தெரியாத பிள்ளைகள், அவர் விவரம் இல்லாமலே விண்ணப்பிக்க விலக்குக் கேட்கலாம். உனக்கு அந்த நிலைமை இல்லை பாப்பா. நான் டாலஸில்தான் இருக்கிறேன், ஒரு போன் தூரத்தில்.

விவாகரத்து ஆனாலும், வசதியுள்ள பெற்றோர் கல்லூரிச் செலவில் பங்கு தர வேண்டியிருக்கும் என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. எனக்கு இதை ஒரு நீதிபதி சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது.

என் வரிக் கணக்கும் வங்கிக் கணக்கு விவரங்களும் மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஐந்தையும் மறுபடி பட்டியலில் சேர்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உன் நேரத்துக்கு ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன். அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
அப்பா